பெட்டா மீனின் துடுப்பு அழுகலைப் பாதுகாப்பாகக் குணப்படுத்துவது எப்படி

ஃபைட்டர் மீன் என்று பலரும் அழைக்கும் பெட்டா மீனுக்கு வரும் நோய்களில் அடிக்கடி காணப்படுவதும், சரியான நேரத்தில் கவனித்தால் எளிதில் குணமாவதும் துடுப்பு அழுகல்தான். ஆயினும் இந்த நோயில் மீன்கள் இறக்கத்தான் செய்கின்றன. அவற்றுள் பல, நோயைவிட அவசரமாகக் கொட்டப்பட்ட மருந்துகளாலும் மாற்றப்படாத தண்ணீராலும்தான் இறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. துடுப்பை அரிக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் வெளியிலிருந்து புதிதாக வந்து தாக்குபவை அல்ல. ஏறக்குறைய எல்லாத் தொட்டிகளிலும் அவை எப்போதும் இருக்கின்றன. மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் சளிப்படலமும் அதன் நோய் எதிர்ப்பாற்றலும் நன்றாக இருக்கும்வரை அவற்றால் தீங்கு நேர்வதில்லை. அமோனியா கலந்த நீர், குளிர்ச்சி, காயம், ஓயாத மன உளைச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மீனைத் தளர்த்தும்போதுதான் அவை துடுப்பின் மெல்லிய ஓரத்தைப் பற்றிக்கொள்கின்றன. எனவே சிகிச்சையின் வரிசை இப்படித்தான் அமைய வேண்டும்: முதலில் தண்ணீர், பிறகு வெப்பநிலை, அதன் பிறகு உப்பு, அதற்கும் அடங்காவிட்டால் மட்டுமே ஆண்டிபயாடிக்.

அழுகல்தானா என்று உறுதி செய்தல்

துடுப்பு கிழிந்திருப்பதைக் கண்டவுடன் அழுகல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொட்டியின் பக்கவாட்டிலிருந்து சிறிய டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, வால் துடுப்பின் ஓரத்தை மட்டும் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். அழுகல் நோயில் அந்த ஓரம் அரிக்கப்பட்டதுபோல் ஒழுங்கின்றி இருக்கும். விளிம்பு பழுப்பாகவோ கருப்பாகவோ வெளிறிய வெண்மையாகவோ நிறம் மாறியிருக்கும். சில மீன்களில் விளிம்பை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடும் தெரியும். துடுப்பைத் தாங்கும் கதிர்களுக்கு இடையிலுள்ள சவ்வு முதலில் கரைந்துபோவதால், கதிர்கள் மட்டும் நூல்போல் நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம், துடுப்பு நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வருவது.

கூர்மையான பிளாஸ்டிக் செடியிலோ கல்லிலோ உரசிக் கிழிந்த துடுப்பு இதிலிருந்து வேறுபட்டது. அதில் பிளவு நேராக இருக்கும், ஓரத்தின் நிறம் மாறியிருக்காது, மறுநாள் பார்த்தாலும் அளவு கூடியிருக்காது. மீன் தன் வாலைத் தானே கடித்துக்கொள்வது மூன்றாவது வகை. ஹாஃப்மூன், ரோஸ்டெயில் போன்ற கனத்த வாலுடைய பெட்டாக்களில் இது அதிகம். முந்தைய இரவு முழுமையாக இருந்த வாலில், காலையில் அரைவட்ட வடிவில் ஒரு துண்டு காணாமற்போயிருந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். இவ்விரண்டுக்கும் மருந்து தேவையில்லை. தூய நீரும் கவனிப்பும் போதும். ஆனால் அந்தக் காயத்தின் வழியே பின்னர் அழுகல் நுழையக்கூடும் என்பதால், துடுப்பு வளரும்வரை கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது.

சந்தேகம் இருந்தால் தினமும் ஒரே கோணத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோய் பரவுகிறதா, நின்றுவிட்டதா என்பதை நினைவை மட்டும் நம்பி முடிவு செய்வது மிகவும் கடினம். மூன்று நான்கு நாள் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். குணமாகும் துடுப்பின் ஓரத்தில் புதிதாக வளரும் சவ்வு நிறமற்று, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை நோயின் வெண்மை என்று தவறாக எண்ணி, குணமாகிக்கொண்டிருக்கும் மீனுக்கு மீண்டும் மருந்திடுபவர்கள் பலர்.

தண்ணீரைச் சோதித்துச் சரிசெய்தல்

மீன் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா, அது சிதைந்து வரும் நைட்ரைட், நைட்ரேட், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் ஆகிய நான்கையும் அன்றே சோதித்துவிட வேண்டும். காகிதப் பட்டைகளைவிட, துளிகளை விட்டு நிறம் பார்க்கும் திரவச் சோதனைப் பெட்டி நம்பகமானது. பல காகிதப் பட்டைகளில் அமோனியாவுக்கான கட்டமே இருப்பதில்லை. அமோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆக இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) அளவுக்குள் இருப்பது நல்லது. 40-ஐத் தாண்டினால் நீர் மாற்றம் போதவில்லை என்று பொருள். பிஎச் 6.5 முதல் 7.5 வரை இருந்தால் பெட்டாவுக்கு ஏற்றது. சற்றுக் கூடுதலாக இருந்தாலும், நிலையாக இருக்கும் பிஎச்சை வேதிப்பொருள் கொண்டு மாற்ற முயல வேண்டாம். ஏறி இறங்கும் பிஎச்சைவிட மாறாத பிஎச்சே மீனுக்கு நல்லது.

அமோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, அடுத்துவரும் நாட்களில் அளவு 0 ஆகும்வரை தினமும் 25 முதல் 30 விழுக்காடு மாற்றிவர வேண்டும். பிஎச்சும் வெப்பமும் கூடக் கூட அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும் என்பதால், பிஎச் 8 அளவில் உள்ள தொட்டியில் சிறிதளவு அமோனியாகூட ஆபத்தானது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பல மாதங்களாக நீர் மாற்றப்படாமல் பிஎச் 6-க்கும் கீழே இறங்கிப்போன தொட்டியில் ஒரேயடியாகப் பாதி நீரை மாற்றக் கூடாது. அமிலத்தன்மை மிகுந்த நீரில் அமோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, அதிகத் தீங்கு செய்யாத வடிவில் இருக்கும். புதுநீர் சேர்ந்து பிஎச் சட்டென்று உயரும்போது அது மீண்டும் நச்சு வடிவத்துக்கு மாறிவிடும். அத்தகைய தொட்டியில் 10 முதல் 15 விழுக்காடாக, நாளுக்கு ஒருமுறை, பொறுமையாக மாற்றுவதே சரி. “தண்ணீரை மாற்றினேன், மீன் இறந்துவிட்டது” என்று சொல்பவர்களில் சிலருக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கக்கூடும்.

குழாய் நீரில் உள்ள குளோரின், செவுளையும் சளிப்படலத்தையும் அரிக்கும். ஒரு நாள் முழுவதும் திறந்த வாளியில் வைத்தால் குளோரின் வெளியேறிவிடும் என்பது உண்மையே. ஆனால் இன்று பல இடங்களில் குடிநீரில் கலக்கப்படும் குளோரமின் அவ்வாறு வெளியேறாது. எனவே குளோரினையும் குளோரமினையும் சேர்த்து நீக்கும் திரவத்தை, புட்டியில் குறிப்பிட்ட அளவில், ஒவ்வொரு முறையும் சேர்ப்பது நல்லது. புதுநீருக்கும் தொட்டி நீருக்கும் இடையே ஓரிரு டிகிரிக்கு மேல் வெப்ப வேறுபாடு இருக்கக் கூடாது. நீரை எடுக்கும்போது மேலிருந்து மொள்ளாமல், குழாயைக் கொண்டு அடியில் படிந்த கழிவையும் மிச்ச உணவையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினால், அமோனியாவைச் சிதைத்து மீனைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, இருந்த சிக்கல் இரட்டிப்பாகும். நோய் வந்துவிட்டதே என்று தொட்டி முழுவதையும் கொட்டிக் கவிழ்த்து, கூழாங்கற்களை வெந்நீரில் கழுவிப் புதிதாக அமைப்பதும் இதே காரணத்தால் தவறு.

வெப்பநிலையை 25 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் நிலைநிறுத்துங்கள். இதற்குத் தானாக அணைந்து எரியும் சிறிய ஹீட்டரும், அதை நம்பாமல் சரிபார்க்கத் தனியாக ஒரு தெர்மாமீட்டரும் தேவை. குளிர்ந்த நீரில் பெட்டாவின் எதிர்ப்பாற்றல் மங்கிவிடும். அதற்காக 30 டிகிரிக்கு உயர்த்துவதும் கூடாது. வெப்பம் ஏறினால் பாக்டீரியாக்களும் வேகமாகப் பெருகும், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனும் குறையும்.

விளிம்பு மட்டும் சற்று அரிக்கப்பட்டு, மீன் வழக்கம்போல் உண்டு நீந்திக்கொண்டிருந்தால், சிகிச்சை இத்துடன் போதும். தூய்மையான, இளஞ்சூடான நீரில் ஒரு வாரம் வைத்திருந்து பாருங்கள். மிதமான அழுகல்களில் பெரும்பான்மை இதிலேயே நின்றுவிடும்.

தனித்தொட்டியும் உப்புச் சிகிச்சையும்

நீர் சரியான பிறகும் துடுப்பு குறுகிக்கொண்டே போனால் உப்புச் சிகிச்சைக்குச் செல்லலாம். இதை முதன்மைத் தொட்டியில் செய்ய வேண்டாம். செடிகளும் நத்தைகளும் உப்பைத் தாங்கா. 5 முதல் 10 லிட்டர் கொள்ளும், சோப்பு படாத, உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்று போதும். பெட்டா தன் தலையிலுள்ள லாபிரிந்த் என்னும் உறுப்பின் உதவியால் நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன். தளர்ந்திருக்கும்போது ஆழத்திலிருந்து மேலே வருவது அதற்குப் பெரும் உழைப்பு என்பதால், நீரின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். பெட்டா துள்ளிக் குதிக்கும். காற்றோட்டத் துளைகளுடன் கூடிய மூடி கட்டாயம். ஒளிந்துகொள்ள வழவழப்பான ஒரு பொருளை உள்ளே வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். ஹீட்டர் முழுவதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நீர் மாற்றுவதற்கு முன் அதன் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். இதில் ஒருமுறைகூட விதிவிலக்கு வேண்டாம்.

பயன்படுத்தும் உப்பு தூய சோடியம் குளோரைடாக இருக்க வேண்டும். மீன் தொட்டிக்கென்று விற்கப்படும் உப்பே பாதுகாப்பானது. கட்டிபிடிக்காமலிருக்க வேதிப்பொருள் சேர்த்த சமையல் உப்பையோ, கடல்மீன் தொட்டிகளுக்கான உப்புக் கலவையையோ இதற்குப் பயன்படுத்தாதீர்கள். எப்சம் உப்பு என்பது முற்றிலும் வேறு பொருள். அது மக்னீசியம் சல்பேட், வயிறு வீக்கத்துக்கும் மலச்சிக்கலுக்கும் பயன்படுவது, துடுப்பு அழுகலுக்கு அல்ல.

லிட்டருக்கு 1 கிராம் என்ற அளவில் தொடங்குங்கள். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 5 முதல் 6 கிராம் இருக்கும் என்றாலும், பரல் பெரிதாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும் என்பதால், சிறிய எடைக்கருவி இருந்தால் அதையே நம்புங்கள். உப்பைத் தனிப் பாத்திரத்தில் முழுவதும் கரைத்துவிட்டு, கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கரையாத பரல் மீனின் மேல் பட்டால் தோல் புண்ணாகிவிடும். மீன் அமைதியாக இருந்தால் இரண்டாம் நாள் லிட்டருக்கு 2 கிராம் வரை உயர்த்தலாம். நிலைகுலைந்து உருண்டாலோ, மூச்சுத் திணறினாலோ, உடனே உப்பில்லாத, அதே வெப்பநிலையிலுள்ள தூய நீரைச் சேர்த்துச் செறிவைக் குறைத்துவிடுங்கள்.

வடிகட்டி இல்லாத தனித்தொட்டியில் அமோனியா ஒரே நாளில் சேர்ந்துவிடும். ஆகவே தினமும் குறைந்தது பாதி நீரை மாற்ற வேண்டும். பலரும் தடுமாறும் கணக்கு இங்கேதான் வருகிறது. 8 லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 கிராம் வீதம் மொத்தம் 16 கிராம் உப்பு இருக்கிறது. அதில் 4 லிட்டரை எடுத்துவிட்டு 4 லிட்டர் புதுநீர் ஊற்றினால், அந்த 4 லிட்டருக்குரிய 8 கிராமை மட்டுமே சேர்க்க வேண்டும். 16 கிராமை அல்ல. ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்யும்போது உப்பே சேர்க்கக் கூடாது, ஏனெனில் நீர்தான் ஆவியாகிறதே தவிர உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இந்தச் சிகிச்சை 10 நாட்களைத் தாண்டக் கூடாது. அதற்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால், நாட்களை நீட்டுவதால் சிறுநீரகத்துக்குச் சுமை கூடுமேயன்றிப் பயன் இல்லை.

காய்ந்த நாட்டு வாதுமை இலையைத் தனித்தொட்டியில் இடும் வழக்கம் பெட்டா வளர்ப்பவர்களிடையே பரவலாக உண்டு. இலையிலிருந்து இறங்கும் டானின் நீரைத் தேநீர் நிறமாக்கி, பிஎச்சைச் சற்றுக் குறைத்து, மிதமான கிருமியடக்கும் தன்மையையும் தருகிறது. துணையாக வைத்துக்கொள்ளலாம், முற்றிய அழுகலுக்கு இதை மட்டும் நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

ஆண்டிபயாடிக் எப்போது

துடுப்பில் பாதிக்கு மேல் போய்விட்டாலோ, அழுகல் உடலைத் தொடும் இடத்தை நெருங்கிவிட்டாலோ, துடுப்பின் அடியில் இரத்தச் சிவப்பு தெரிந்தாலோ, மீன் உணவை மறுத்து அடியில் சாய்ந்து கிடந்தாலோ, உப்பை நம்பிக் காலம் தாழ்த்தக் கூடாது. துடுப்பின் அடிப்பகுதியும் அழிந்துவிட்டால் அது பெரும்பாலும் மீண்டும் வளராது. நோய் உடலுக்குள்ளும் இறங்கிவிடும். மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைத்தால் அவரிடம் காட்டி மருந்தும் அளவும் பெறுவதே சிறந்த வழி. பல நாடுகளில் இம்மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கவும் முடியாது.

அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை, சாயச் சோதனையால் பிரிக்கப்படும் இரு பெரும் வகைகளுள் கிராம்-நெகட்டிவ் வகையைச் சேர்ந்தவை என்பதால் கனாமைசின், நைட்ரோஃப்யூரசோன் போன்றவை அவற்றுக்கு எதிராகப் பயன்படுகின்றன. எரித்ரோமைசின் முதன்மையாகக் கிராம்-பாசிட்டிவ் வகைக்கு உரியது. மீன் மருந்து என்ற பெயரில் கிடைக்கிறதே என்று அதை இடுவதால் நல்ல பாக்டீரியாக்களுக்கும் தீங்கு நேரலாமே தவிர, அழுகல் நிற்க வாய்ப்புக் குறைவு. மனிதருக்கான மாத்திரையைப் பொடித்து இடவே கூடாது. அளவும் தெரியாது, உடன் சேர்ந்துள்ள பொருள்களும் தெரியாது.

மருந்தின் அளவைக் கணக்கிடத் தொட்டியின் பெயரளவிலான கொள்ளளவை எடுக்காமல் உண்மையான நீரின் அளவை எடுக்க வேண்டும். நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீருயரம் என்றால் அது 9 லிட்டர். சிகிச்சை முடியும்வரை வடிகட்டியிலுள்ள கரியை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் இட்ட மருந்தைக் கரியே உறிஞ்சிவிடும். துடுப்பு தேறுவதுபோல் தெரிந்தாலும், மருந்தின் உறையிலோ மருத்துவராலோ குறிப்பிடப்பட்ட முழு நாட்களுக்கும் தொடர வேண்டும். பாதியில் நிறுத்தினால் தப்பிய பாக்டீரியாக்கள் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலப்பதும் வேண்டாம். நைட்ரோஃப்யூரசோன் தூளைக் கையுறையின்றித் தொடவோ, அது பறக்கும்படி கொட்டவோ கூடாது. மருந்து கலந்த நீரை ஏரி, குளம், ஓடை எதிலும் ஊற்றாதீர்கள்.

மெத்திலீன் புளூ, மாலகைட் கிரீன் போன்ற சாய மருந்துகள் முதன்மையாகப் பூஞ்சைக்கும் புற ஒட்டுண்ணிகளுக்கும் உரியவை. மெத்திலீன் புளூவை முதன்மைத் தொட்டியில் விட்டால் வடிகட்டியின் நல்ல பாக்டீரியாக்கள் அழியும். டீ ட்ரீ எண்ணெய் அடங்கிய மூலிகைத் திரவங்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நீர்மட்டத்தில் காற்றை உறிஞ்சும் மீனுக்கு எண்ணெய் கலந்த நீர் உகந்ததல்ல என்று கருதிப் பலர் தவிர்க்கின்றனர். நான் அந்தப் பக்கம்தான். அழுகிய விளிம்பைக் கத்தரியால் வெட்டுவதும், அயோடினையோ ஹைட்ரஜன் பெராக்சைடையோ துடுப்பில் தடவுவதும் பழகாத கைகளில் மீனைக் கொன்றுவிடக்கூடிய செயல்கள்.

ஒரு நோயை மட்டும் தனித்துச் சொல்ல வேண்டும். துடுப்போடு சேர்த்து வாயைச் சுற்றிப் பஞ்சுபோன்ற வெண்மையோ, முதுகில் சேணம் போட்டதுபோல் சாம்பல்வெண் பட்டையோ தோன்றி, ஓரிரு நாளிலேயே நிலை மோசமானால் அது கொலும்னாரிஸ் என்னும் பாக்டீரியத் தொற்றாக இருக்கலாம். பெயர் தெரியாதவர்கள் இதைப் பூஞ்சை என்று எண்ணிவிடுகிறார்கள். இது வெப்பத்தில் மேலும் விரைந்து பரவுவதால், நீரைச் சூடாக்காமல் 24 அல்லது 25 டிகிரியில் வைத்துக்கொண்டு, தாமதமின்றி ஆண்டிபயாடிக்கைத் தொடங்க வேண்டும்.

உங்கள் கைகளையும் காத்துக்கொள்ளுங்கள். மீன் தொட்டி நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி, கையிலுள்ள வெட்டுக்காயம் வழியே நுழைந்து ஆறாத தோல் புண்களை உண்டாக்கும். கையில் காயம் இருந்தால் கையுறை அணியுங்கள்; நீர் உறிஞ்சும் குழாயை வாயால் இழுத்துத் தொடங்கி வைக்காதீர்கள்; வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். நோயுற்ற மீனுக்குப் பயன்படுத்திய குழாயையும் வலையையும் மற்றத் தொட்டிகளில் நுழைக்க வேண்டாம். மீனை இடம் மாற்றும்போது வலைக்குப் பதில் சிறு கிண்ணத்தில் நீரோடு சேர்த்து மொண்டால் துடுப்பு மேலும் கிழியாது.

சிகிச்சைக் காலத்தில் ஒரு நாளைக்கு ஓரிரு முறை, இரண்டு மூன்று உருண்டைகள் மட்டும் கொடுங்கள். சில நிமிடங்களில் உண்ணாமல் விட்டதை எடுத்துவிடுங்கள். ஓரிரு நாள் உண்ணாவிட்டாலும் பெட்டா தாங்கும். மிஞ்சி அழுகும் உணவைத்தான் அது தாங்காது.

தேறிய பிறகு

முதல் நல்ல அடையாளம் புதுவளர்ச்சி அல்ல. துடுப்பு குறுகுவது நின்றுபோவது. விளிம்பின் கருமை மறைந்து, மடக்கி வைத்திருந்த துடுப்பை மீன் மீண்டும் விரிக்கத் தொடங்கும். ஓரிரு வாரத்தில் தெளிவான சவ்வு எட்டிப்பார்க்கும். முழுத் துடுப்பும் திரும்பச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். புதிய பகுதி பழைய நிறத்தோடு ஒட்டாமலும் ஓரம் சற்றுச் சுருண்டும் அமையக்கூடும்; அது நோயின் மிச்சம் அல்ல, அதற்கு மருந்தும் வேண்டாம்.

உப்பு நீரிலிருந்து மீனை நேரடியாகத் தூக்கி முதன்மைத் தொட்டியில் விடாமல், இரண்டு மூன்று நாட்களுக்கு உப்பில்லாத நீரால் பகுதி பகுதியாக மாற்றிச் செறிவைக் குறைத்துவிட்டு விடுங்கள். அதற்குள் முதன்மைத் தொட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் 0 என்று தொடர்ந்து சில நாட்கள் காட்டியிருக்க வேண்டும். குறைந்தது 20 லிட்டர் கொள்ளளவும், நீரோட்டம் வலுவில்லாத வடிகட்டியும் இல்லாத சிறு கண்ணாடிக் கிண்ணத்துக்கே மீன் திரும்புமானால் அழுகலும் திரும்பும். அலங்காரப் பொருள்கள் ஒவ்வொன்றின் மீதும் பழைய நைலான் காலுறை ஒன்றை இழுத்துப் பாருங்கள். நூல் சிக்குமானால் துடுப்பும் சிக்கும், அப்பொருளை எடுத்துவிட வேண்டும். மீனை விட்டபின் முதல் மாதம், வாரம் ஒருமுறை நீரைச் சோதித்து, கால்பங்கு நீரை மாற்றி, அதே கோணத்தில் ஒரு புகைப்படமும் எடுத்து வாருங்கள்.